தோடம்பழ நிறக் கார்

மாங்குளம் சந்தி கழிய
ஒட்டுசுட்டான் றோட்டில திரும்பினால்
எங்கட சேர்விஸ் ஸ்ரேசன்.
விலைப்பலகையில் மோட்டார் சைக்கிள், ஓட்டோ,
கார், வான், லான்ட்மாஸ்டர்.
அதுக்குக் கீழ பரஞ்சோதியரின் கையெழுத்தில்
'கடன் சொல்ல வேண்டாம்'.

கேதீஸ் கொண்டுவந்து விட்டதை
எதுக்குள்ள சேர்க்கிறதெண்டு தெரியேல்லை.
தோடம்பழ நிறம், இரண்டே கதவு,
முழங்கால் உயரத்தில மூக்கு.
தமக்கையின்ர மகளின் சாமத்தியவீட்டுக்கு
கொழும்பில நாள்வாடகைக்கு எடுத்ததாம்.
கச்சிலைமடுப் பக்கம் ஒழுங்கையொண்டில
வயிறு கல்லோட இழுபட்டு நிண்டுபோக
உழவு மெசின் ஒண்டு கயிறு போட்டு
பின்பக்கமா இழுத்துவந்து றோட்டில விட்டது.

டிலக்சன் தண்ணிக் குழாயை எறிஞ்சுபோட்டு
ஏழு படம் எடுத்தான்.
வாழைக்குலை ஏத்தி வந்தவர் விலை கேட்டார்,
பிறகு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் எண்டார்,
பிறகு ஒண்டும் கேக்கேல்லை.
லீசிங் கொம்பனிப் பொடியள் இரண்டு பேர்
மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி
பழக்கத்தில நம்பர் பிளேற்றை எழுதினாங்கள்.
இன்னொருத்தர் கண்ணாடியில விரலால தட்டி
'கறுப்பு ஒட்டேல்லை, நல்லது' எண்டு மட்டும் சொன்னார்.
உள்ளுக்கை ஆரெண்டு தெரியாத வாகனத்துக்கு
இப்பவும் வேலியோட ஒதுங்கிற சனம் நாங்கள்.

நான் அடிப்பக்கச் சேறு கழுவினன்.
ஆரும் கேளாமலே அவர் கதைச்சுக்கொண்டு நிண்டார்.
சூரிச்சில அவருக்குக் காரே இல்லை.
குசினி பூட்டினால் கடைசி ட்ராம்.
முதலாளியிட்ட கோடிக் கணக்கில காசு,
ஓடுறது பதினாறு வருசப் பழைய வொல்வோ.
அங்க பளிச்செண்டு ஒண்டை வாங்கினால்
மேல்வீட்டுக் கிழவி யன்னல் சீலையை விலக்கி
'இவனுக்கு எங்கால காசு' எண்டு யோசிப்பாளாம்.
நோர்வேயில சித்தப்பாவின் மகன், டொக்டர்,
பனிக்குள்ளயும் சைக்கிள்.
ரொறன்ரோவில மச்சானிட்ட லெக்சஸ்.
மச்சான் இருக்கிறது நிலவறையில,
கார்தான் மேல, வெளிச்சத்தில.

'இங்கதான் அக்கா,
இறங்கினால் நாலு பேர் பாக்கினம்.'

ஏறி இருந்து பாருங்கோ எண்டார்.
ஈரப்பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இருந்தன்.
இருக்கை நிலத்தோட நிலம்.
கூரை உச்சந்தலையில முட்டுது.
காலை நீட்டத்தான் ஏலும், மடக்க ஏலாது.
முன்னால ஒரு சாண் வெளிச்சம்,
அதுக்குள்ளால ஆக்களின்ர கால்கள் மட்டும்
போகுது, வருகுது.

'தம்பி, இவ்வளவு காசு குடுத்து
ஏன் பங்கருக்குள்ள இருக்கிறியள்?'

டிலக்சன் விழுந்து விழுந்து சிரிச்சான்.
இரண்டாயிரத்து எட்டில பிறந்தவன்.
கேதீஸ் சிரிக்கேல்லை.
கதவை மெல்லத் திறந்து
நான் எழும்பக் கை தந்தார்.

பின்னேரம் முல்லைத்தீவுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
கார் இரவு இங்கயே நிக்கட்டும்,
விடியக் கொழும்புக்கு.
ஸ்ரோருக்குள்ள ஒரு பழைய தறப்பாள் கிடந்தது.
எழுத்தெல்லாம் அழிஞ்சு, மூலைக் கண்கள் மட்டும் மிச்சம்.
நாலு மூலையும் அவரே கட்டினார்.
அந்த முடிச்சு சூரிச் குசினியில பழகினதில்லை.
கட்டி முடிய, மண்வெட்டி இருக்கோ எண்டு கேட்டார்.

வெள்ளைச் சேட்டுக் கையை மடிச்சுவிட்டு
தறப்பாளைச் சுத்தி ஒரு சாண் அகலத்தில
வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்.
தண்ணி வழிய வேண்டிய பக்கத்தைப்
பாத்துத்தான் தொடங்கினார்.
பரஞ்சோதியர் வாயைத் திறக்க முந்தி
மற்ற மண்வெட்டியை எடுத்து
மற்றப் பக்கத்தை நான் வெட்டினன்.
எந்த முகாம், எத்தினையாம் வலயம்,
இரண்டு பேரும் கேக்கேல்லை.

அண்டைக்கு மழை வரேல்லை.
பில்லில பரஞ்சோதியர் 'ஓட்டோ' எண்டு எழுதினார்,
உயரத்தைப் பாத்தாம்.
வாய்க்கால் இன்னும் தூராமல் கிடக்குது.
நேற்று ஒரு வான்காரன்
சில்லை அதுக்குள்ள விட்டுட்டு
என்னைப் பேசிப்போட்டுப் போறான்.